வாசலில் சொல்லும் சொல்

கோட்டையில் சுற்றுலா வந்த எல்லோரும் பீரங்கியைப் பார்த்தார்கள். செண்பகவல்லியோ வந்துபோகிற ஆண்களின் முகங்களைப் பார்த்தாள். ராஜாவின் கல்லறையிலும் அப்படித்தான். இந்தத் தலைநகரத்தில் தனக்குப் பிடித்த கவிஞர் வாழ்ந்த வீட்டை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அவள் புருஷன், ஒருநாள் காலையில் 'வரேன்' என்று சொல்லாமல் 'போறேன்' என்று சொல்லிப் படியிறங்கியவர்தான். அப்புறம் ஆளைக் காணோம்.

சுற்றுலா பஸ் கடைசியாக அந்தக் கவிஞர் வீட்டில் நின்றது. கயிறு கட்டி மறித்த கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு. கவிஞருடையதாம். செருப்பின் தேய்ந்துபோன குதிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டப் போறாங்கம்மா, கிளம்புங்க" என்றார் வழிகாட்டி.

வாசல்வரை வந்தவள் ஆளில்லாத அறையைத் திரும்பிப் பார்த்து, "வரேங்க" என்றாள். சொல்லிவிட்டு, பதிலுக்கு நின்றாள்.