மூலையறைக்கு மண்

அலவாங்குக் கம்பி முழங்கை அளவுக்கு உள்ளே இறங்கியது.

மேசன் பிரதீபன் அதை உருவி எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த ஈரமண்ணைப் பார்த்தான். புதுவீட்டுக்கு அத்திவாரம் கட்டியாயிற்று. உள்ளே கிறவல் மண் கொட்டி இறுக்கிவிட்டால் நிலத்துக்குச் சீமெந்து போடலாம். மற்ற இரண்டு அறைகளும் கல்லாக நின்றன. இந்த மூலையறை மட்டும் புட்டுமாதிரி உதிர்ந்தது.

“என்னக்கா, நகை நட்டு ஏதும் தாட்டு வைச்சனீங்களோ? இப்பிடிப் பொதுபொதெண்டு கிடக்கு. தோண்டி எறிஞ்சிட்டுத்தான் நிரப்ப வேணும்.”

கலிஸ்ரா சிரிக்கவில்லை.

“செல்லடிக்குப் பதுங்க வெட்டின பழைய பங்கர் தம்பி. தோண்டாதேங்கோ. மேல கிறவலைப் போட்டுத் தண்ணியை விட்டு இடியுங்கோ, காணும்.”

அந்தப் பங்கரை மூடியவள் அவள்தான். பதினைந்து வருடங்களுக்கு முன், யுத்தத்தின் கடைசி நாட்களில், சோற்றுக் கோப்பையால் மண்ணை அள்ளி அள்ளி. உள்ளே மகள் ஜெனிற்றா. நாலு வயது. கலிஸ்ராவின் சேலையில் சுற்றியபடி.

கணவன் மரியநேசனுக்கு அது தெரியாது.

அப்போது அவன் இராணுவத்தின் தடுப்புமுகாமில் இருந்தான். முதல்முறை பார்க்கப் போனபோது, முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “பிள்ளை எங்கை?” என்று கேட்டான். எலும்பும் தோலுமாய் நின்றவனின் முகத்துக்கு நேரே அவளால் சொல்ல முடியவில்லை. காயக்காரரோடு செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றிவிட்டேன், எங்கேயாவது இருப்பாள் என்றாள். அடுத்தமுறை சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

விடுதலையாகி வந்த மாதத்திலிருந்து அவன் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடும் உறவுகளோடு மாதாமாதம் கிளிநொச்சித் தெருவோரம் நிற்கிறான். நாயாற்றுக் கடற்கரையில் வாடி போட்டு மீன்பிடித் தொழில் செய்யும் காலத்திலும், அந்தப் போராட்ட நாளுக்கு மட்டும் பஸ் ஏறி வந்துவிடுவான்.

பிரதீபன் தலையைச் சொறிந்தான். பிறகு, நல்லாக ஊறவிட்டு இடித்துப் பார்ப்போம் என்று இறங்கி வந்தான்.



கூலிக்கு ஆள் பிடிக்காமல் மரியநேசனே இடிகட்டையைத் தூக்கியிருந்தான். காலையிலிருந்து மற்ற அறைகளில் அவன் இடித்த இடியில் அயல்வீட்டு நாய்கூட எழும்பிப் போய்விட்டது. மூலையறைக்குள் கிறவல் கொட்டியதும் கட்டையோடு உள்ளே இறங்கினான்.

முதல் இடி எப்போது விழும் என்று கலிஸ்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

விழவில்லை.

கண் திறந்தபோது, இடிகட்டை அத்திவாரத்தில் சாய்ந்து கிடந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். குதிகால் படாமல், மெல்ல மெல்ல.

“அண்ணை, உதென்ன நடை? பூனை மிதிச்ச மாதிரி மிதிச்சா மண் இறுகுமோ?” என்று சிரித்தபடி பிரதீபன் தண்ணீர்க் குழாயை அறைக்குள் இழுத்துவிட்டான். கிறவல் கறுத்து, தண்ணீர் குமிழிவிட்டு உள்ளே இறங்கத் தொடங்கியது.

மரியநேசன் குனிந்து குழாயை மடக்கிப் பிடித்தான். தண்ணீர் நின்றது.

கலிஸ்ராவின் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

“காணும் தம்பி,” என்றான். “பிள்ளைக்குக் குளிரும்.”