நூற்றுப் பதினோராவது படி

நூற்றுப் பதினோராவது படியில் நிற்கும்போது கைப்பைக்குள் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

இன்னும் பாதி மலை பாக்கி. இந்தக் கிரேக்கத் தீவில் ஊரைக் கொண்டுபோய் மலை உச்சியில் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்த வீடுகள், நீலக் கதவுகள், படிக்கு ஒரு பூனை.

மூச்சு வாங்கியது. முந்தானையில் முடிந்து வைத்திருந்தது வேறு படிக்குப் படி முழங்காலில் இடித்தது. இடிக்கட்டும்.

மகள் அனுப்பி வைத்த சுற்றுலா இது. எங்கள் குழுவில் எல்லோரும் நேற்றே மேலே போய்ப் பார்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சகாயராஜும் போனார். என்னை மட்டும் அடிவாரத்து விடுதி அறையில் விட்டுவிட்டார்.

"உனக்கு மூட்டு வலி. செத்த நேரம் படுத்திரு, வந்துர்றேன்."

மூட்டு வலி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. 'செத்த நேரம் படுத்திரு' என்பதற்கு முப்பத்தொரு வயது.

திண்டுக்கல்லில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை எதிரே தெரியும். எங்கெங்கிருந்தோ வந்து ஏறுகிறார்கள். நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அவர் வெளியே கிளம்பினால் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். பாதுகாப்பாம். பூட்டுப் பட்டறைக்காரர், பூட்டியதும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அடுப்படியில் நின்று நான் எண்ணுவேன்.

வெளிநாட்டுப் பூட்டை நம்பாமல், நம்மூர் மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் நாலு பேர் கூடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. விடுதியின் பழைய மரக்கதவில் இரண்டு இரும்பு வளையங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நேற்று அந்தச் சத்தம் இங்கேயும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

திரும்பி வந்தவரிடம், மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாததையா மனிதர் நூறு போட்டோ எடுத்தார்?

இன்று நாலு மணிக்குக் கப்பல். விட்டால் இந்த ஊரும் எனக்குக் கோட்டை மாதிரிதான். மதியம் அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் செருப்பை மாட்டினேன்.

போன் மறுபடி அடித்தது. வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என் பையைக் காட்டி ஏதோ சொன்னாள். தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

உச்சியில் சின்னதாக ஒரு மாதா கோயில். அதன் முற்றத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். ஒன்றும் இல்லையாம்! எனக்கு அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

அப்புறம்தான் போனை எடுத்தேன். அவர் கத்தினார். பின்னால் கதவு தடதடவென்று அடிபடும் சத்தம்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து மதில்மேல் வைத்தேன். முழங்காலுக்குச் சுகமாக இருந்தது.

"செத்த நேரம் படுத்திருங்க, வந்துர்றேன். மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்."