காற்றுக்கு அவிழாத முடிச்சு

முதலில் ஆலையின் பின்வாசலைப் பூட்டினார்கள். பிறகு இரவு ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தினார்கள். அதற்கடுத்து, கேன்டீன் பெஞ்சுகளைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடச் சொன்னார்கள். நான்காவதாக, இருமுகிறார் என்று காகிதக் கூழ்த்தொட்டியில் வேலை செய்தவரை ஒரு வார்த்தை விசாரிக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஐந்தாவதாகத்தான் வளையம் கேட்டார்கள்.

வசந்த விடுமுறைக்குக் காகித ஆலை மேனேஜர் வீட்டில் விருந்து. வாசற்கதவில் மாட்ட ஓர் அலங்கார வளையம் வேண்டும். கடைச் சரக்கு ஆகாதாம். ஆற்றோரத்து இளங்கொம்பு, பாசி, முட்டை ஓடு, காட்டுப்பூ என்று எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும். கையால் செய்ததாக இருக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புப் பெண்கள் 'அன்போடு' செய்து தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

"மலர்வளையம்தானே? தாராளமா கட்டித் தரலாம். யாருக்குன்னு மட்டும் தெளிவா சொல்லச் சொல்லுங்க" என்றார் பாய்லர்காரர்.

தொழிற்சங்க அறையே சிரித்தது. தீர்மானம் மட்டும் சிரிக்கவில்லை.

சங்கத் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுகிறவர். அன்றைக்கும் போட்டார்: "நம் வீட்டுப் பெண்கள் ஒரு கொம்பைக்கூட வளைக்கக் கூடாது." எல்லாரும் கை தூக்கினார்கள்.

விடுமுறை நாள் காலையில் மேனேஜர் வீட்டுக் கதவில் வளையம் தொங்கியது.

தீர்மானம் அதைப் பிய்த்துக்கொண்டு நேரே சங்க அறைக்கு வந்தார். மதியத்துக்குள் குடியிருப்பே கூடிவிட்டது.

மேசைமேல் வளையம் கிடந்தது. வளைத்துப் பின்னிய கொம்புகள், இடையிடையே ஈரப் பாசி, வெங்காயத் தோலோடு வேகவைத்துச் சிவப்பேற்றிய முட்டை ஓடுகள். ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் ஒரு மஞ்சள் பூ. இன்னும் வாடவில்லை.

பக்கத்தில் ஒரு தாளில் புதிய தீர்மானம். அவரே வாசித்தார்: "நிர்வாகத்துக்குக் கையாளாகி, உழைக்கிறவர் வயிற்றில் அடித்தவரைக் குடும்பத்தோடு சங்கத்தை விட்டு நீக்குகிறோம். பெயர்..."

நிறுத்தினார். அந்த இடம் காலியாக இருந்தது.

"ஆள் யாருன்னு இப்பத் தெரியணும். பேரை இங்கேயே எழுதி, உங்க எல்லார் முன்னாலயும் சத்தமா வாசிப்பேன்."

எல்லார் கண்ணும் எடைமேடை கிளார்க்கின் மனைவிமேல் போனது. குடியிருப்பில் கைவேலை என்றால் அவள்தான்.

"என்னை ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் செய்யலை."

"பின்ன யாரும்மா? முட்டை போட்ட கோழியா செஞ்சுது?" என்றார் பாய்லர்காரர்.

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விறுவிறுவென்று மேசைக்கு வந்தாள். வளையத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் மரப்பட்டை நாரால் நாலு முடிச்சு.

"தலைவர் அண்ணே, இந்த முடிச்சைப் பாருங்க. வாலை உள்ள சொருகியிருக்கு. பாத்துட்டீங்களா? இப்ப உங்க தலைக்கு மேல பாருங்க."

தலைக்கு மேல் சங்கத்தின் பேனர். நாலு மூலையிலும் அதே முடிச்சு. காற்றுக்கு அவிழாத முடிச்சு. 'இது என் முடிச்சு' என்று மேடைக்கு மேடை தீர்மானம் பெருமை பேசுவார். கட்டுவதென்னவோ அவர் மனைவி.

"நீயா?" என்றார் தீர்மானம், மனைவியைப் பார்த்து. மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும் குரல், அன்றைக்கு முன்வரிசைக்கே கேட்கவில்லை.

கதவோரம் நின்றிருந்த மனைவி முன்னால் வந்தாள்.

"நான்தான். மேனேஜருக்காக இல்லீங்க, அவங்க வீட்டுச் சமையல்காரப் பொண்ணுக்காக. முந்தாநாள் நம்ம வாசல்ல வந்து நின்னாளே, ஞாபகம் இருக்கா?"

அவர் பார்வை மேசைமேல் கிடந்த வளையத்துக்குப் போனது.

"'ஊர்ல யாரும் செய்யலைன்னா நீ செய், இல்லேன்னா பெட்டியைக் கட்டு'ன்னு சொல்லிட்டாங்களாம். சங்கம் வந்து பேசணும்னு கேட்டா. 'நீ மில்லுல வேலை செய்யலை, சங்கத்துல உனக்கு இடம் இல்லை'ன்னீங்க. சொல்லிட்டுத் தீர்மானம் எழுத உக்காந்துட்டீங்க. கொதிக்கிற எண்ணெய் பட்டு அவ ரெண்டு கையிலயும் கட்டு. அந்தக் கையால எப்படிங்க கொம்பை வளைப்பா? நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கலை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா என்ன செய்வீங்க? இன்னொரு தீர்மானம் போடுவீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"காலைல ஆவேசமா பிச்சுக்கிட்டு வந்தீங்களே, கதவுல வளையத்தைக் காணோம்னதும் அவளை வெளிய தள்ளிட்டாங்க. ஒரு வார்த்தை விசாரிக்கலை. இப்ப நம்ம அடுப்படியில பெட்டியும் கையுமா உக்காந்திருக்கா."

பாய்லர்காரர் கையிலிருந்த டீ கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மனைவி தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் எதையும் மறைக்கலை. எழுதுங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

தீர்மானம் தாளை எடுத்தார். தாம் எழுதியதைத் தாமே மனதுக்குள் முழுக்கப் படித்தார். 'உழைக்கிறவர் வயிற்றில் அடித்தவரை' என்ற இடத்தில் விரல் நின்றது.

பேனாவைத் திறந்தார். காலியிடத்தில் எழுதினார். எழுந்து நின்று, சொன்னபடியே எல்லார் முன்னாலும் பெயரை உரக்க வாசித்தார்.

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படி ஒரு பேர்ல நம்ம சங்கத்துல யாரு இருக்கா?" என்றார் பாய்லர்காரர்.

"இவர்தான்" என்றாள் மனைவி. "அது இவங்க அம்மா வச்ச பேரு."