ராட்டினக் குதிரையின் எடை

பாடியில் லோகநாதனின் பழைய சாமான் கடைக்கு ஜெயப்பிரியா மகள் மிருதுளாவோடு வந்திருந்தாள். குடை ராட்டினத்திலிருந்து கழற்றிய தேக்குக் குதிரை ஒன்று அவள் கண்ணில் பட்டது. கூட்டம் பார்க்கும் பக்கத்தில் மட்டும் பிடரிமயிரும் பூமாலையும் இழை இழையாகச் செதுக்கியிருந்தார்கள்; மறுபக்கம் வெறும் மரம்.

"எண்பது வருசத்து சரக்கும்மா. கையாலயே செதுக்குனது," என்றார் லோகநாதன்.

வீட்டு லிப்ட் தாங்குமா என்று பார்க்க எடை போடச் சொன்னாள். எடை மிஷினில் ஏற்றியதும் நாற்பத்திரண்டு கிலோ காட்டியது. மிருதுளா அதன்மேல் தாவி ஏறினாள். அறுபது. அவள் பதினெட்டு கிலோதான். போன வாரம் பள்ளியில் எடுத்தது. அவள் இறங்கிய பிறகும் எண் அறுபதிலேயே நின்றது.

"மிஷினு மக்கர் பண்ணுதும்மா," என்று லோகநாதன் குதிரையை இறக்கினார். பூஜ்யம். மிருதுளா மிஷின்மேல் ஏறி நின்றாள். அப்போதும் பூஜ்யம்.

"இன்னாம்மா இது, கொயந்தைக்கு எடையே காட்டல?" அவரே ஏறிப் பார்த்தார். எழுபத்தொன்று. சரியாகத்தான் இருந்தது.

ஜெயப்பிரியா மகளைத் தூக்கினாள். கையில் கனமே இல்லை. மூன்று முறை குதிரைமேல் உட்காரவைத்து இறக்கினாள். எதுவும் மாறவில்லை.

"குதிரைய வண்டில ஏத்துங்க," என்றாள். "பத்திரமா ஏத்துங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். லாரி ஒன்று காற்றைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. மிருதுளாவின் செருப்புகள் தரையிலேயே இருந்தன. பிடித்திருந்த சின்னக் கை மெல்ல மேலே இழுத்தது.