இடது கன்னம்

“இது என் பொண்டாட்டியே இல்ல.”

சட்டம் போட்ட பெரிய படத்தைக் கவுண்டர் மேல் தடாலென்று போட்டார், ஸ்டூடியோ இருந்த கட்டடத்தின் முதலாளி. பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. ஸ்டூடியோக்காரி குனிந்து பேனாக்களைப் பொறுக்கினாள். பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த இரண்டு பேரும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேடிக்கை வீடு தேடி வந்தால் யாருக்குக் கசக்கும்?

மேற்படி பொண்டாட்டி அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. “ஏங்க, நல்லாத்தான இருக்கு. எடுத்துட்டுப் போயிடலாமே.”

“நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?”

அவள் சும்மா இருந்தாள். இருபத்தைந்து வருடப் பழக்கம். அந்த இருபத்தைந்தைக் கொண்டாடத்தான் இந்த ஜோடிப் படமே. மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் வீட்டார் இன்று சாயங்காலம் முதல்முறையாக வருகிறார்கள். அதற்குள் ஹாலில் நடுநாயகமாக இதை மாட்டியாக வேண்டும்.

“இங்க பாரு.” படத்தில் மனைவியின் இடது கன்னத்தைத் தட்டிக் காட்டினார். “அந்தக் கன்னம் மனுஷக் கன்னமா இருக்கு. இந்தக் கன்னம் பீங்கான் தட்டு மாதிரி இருக்கு. என்னத்தைத் தடவி வச்ச?”

“லேசா டச்சப் பண்ணேன் சார்.”

“எதுல? அந்த ஓசி சாஃப்ட்வேர்லயா?”

அது ஊரறிந்த ரகசியம். காசு கொடுத்து வாங்குகிற பெரிய சாஃப்ட்வேர் எதையும் அவள் தொடுவதில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாக விட்டிருக்கிற ஒன்றில்தான் வேலை செய்கிறாள். அதைக் கற்றுத்தருகிறேன் என்று கடை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள்.

“ஆமா சார். யார் வேணாலும் எடுத்துக்கலாம். உள்ள எப்படி வேலை செய்யுதுன்னும் யார் வேணாலும் திறந்து பாக்கலாம்.”

“கண்டவன் கைவச்சது உருப்படுமா? ஓசியில வந்தது ஓசி மாதிரிதான இருக்கும்.” பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சு தலையாட்டியது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படமெடுத்த அன்றைக்கே சகுனம் சரியில்லை. உடுத்துகிறேன் பேர்வழி என்று இவள் அரை மணி நேரம் இழுத்தடித்தாள். அவரா விடுவார்? அந்த விவகாரத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார். ஸ்டூடியோவுக்கு வந்த பிறகு கேமராவைத் தவிர வேறெங்கும் அவர் திரும்பவில்லை. எதையும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிற ஆளில்லை அவர்.

“ஒரிஜினலை எடு.”

“வேண்டாம் சார். ஒரு மணி நேரம் குடுங்க, இதையே இன்னும் நல்லா சரி பண்ணித் தரேன்.”

“ஏன், எடுக்கும்போதே சொதப்பிட்டியா? அதை மறைக்கத்தான் மேல பூசினியா?”

ஸ்டூடியோக்காரி அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்பதுபோல.

“என்ன ஜாடை? ரெண்டு பேரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தறீங்களா?” முதலாளியின் குரல் தெருவுக்குக் கேட்டது. “இப்பவே ஒரிஜினலக் காட்டல, இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ணு. ஏமாத்துக்காரங்களுக்கு என் கட்டடத்துல இடம் கிடையாது.”

ஒன்பது வருடமாக அங்கேதான் கடை. வேறு பிழைப்பு அவளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள்.

“இருக்கு சார். இதுல சேவ் பண்ணா எல்லாம் அடுக்கடுக்காத்தான் நிக்கும். நான் பூசினது மேல ஒரு லேயர். எடுத்த படம் அடியில அப்படியே கிடக்கு. ஆனா...”

“ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. மேல இருக்கறதைத் தூக்கு. திரையை இந்தப் பக்கம் திருப்பு, நாலு பேர் பாக்கட்டும் உன் லட்சணத்தை. அடியில இருக்கறதையே, ஒரு பூச்சும் இல்லாம, எனக்குப் பிரிண்ட் போட்டுக் குடு.”

திருப்பினாள். படம் திரை முழுக்க விரிந்தது. பூசிய லேயரை மறைக்க ஒரே ஒரு கிளிக் போதுமாயிருந்தது.

கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. காதோரம் வரை, செக்கச் செவேலென்று. மோதிரம் பட்ட இடம் மட்டும் தனியாகக் கன்றியிருந்தது.

பெஞ்சிலிருந்தவர்களில் ஒருவர் திரையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். முதலாளியின் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது.

“மூடும்மா அதை.” சட்டம் போட்ட படத்தை இடது கையால் தன் பக்கம் இழுத்தார். “முதல்ல குடுத்ததே போதும். அதையே எடுத்துட்டுப் போறேன்.”

ஸ்டூடியோக்காரியின் கை மௌஸை நோக்கிப் போனது. கவுண்டரைச் சுற்றி வந்த மனைவி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் முகத்தைத் திரையில் ஆற அமரப் பார்த்தாள்.

“அவர் கேட்டதையே போட்டுக் குடும்மா. சாயங்காலம் ஹால்ல மாட்டணும்.”