பதினாலு வருஷ டயர்

“பதினாலு வருஷம்னா முடிஞ்சுது அண்ணே. சும்மாவே உக்காந்திருந்தாலும் கெழடு தட்டத்தான் செய்யும்.”

மெத்தோதிக்குச் சுருக்கென்றது. அவர் ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்தும் சரியாகப் பதினாலு வருஷம்தான்.

“டயரைச் சொன்னேன்,” என்றான் கடைக்காரன் பென்சோ, கையைக் கந்தலில் துடைத்தபடி.

வருடச் சோதனைக்குப் போன காரை, டயர் மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மெத்தோதிக்கு அதில் பெரிய சதி தெரிந்தது.

“நீயும் அந்தச் சோதனைக்காரனும் கூட்டு. ஓடாத காருக்கு டயர் எப்படிடா போகும்? வருஷத்துல ரெண்டே தடவை, ஈஸ்டருக்கும் சோதனைக்கும். மத்த நாளெல்லாம் விடிஞ்சதும் நான் தூண்டிலோட ஆத்துக்குப் போயிடுவேன். இது கொட்டகையில தூங்கும்.”

“தூங்கினாத்தான் ஆபத்து. ஓடுற டயரு தேயும், கண்ணுக்குத் தெரியும். ஓடாத டயரு காஞ்சு வெடிப்பு விடும். ரோட்டுல படுற பட்டன் தேயாம நல்லா இருக்கேன்னு நம்பி ஏறுவீங்க. நடுரோட்டுல பட்டுனு போயிடும்.”

“யாருகிட்ட கதை விடுற? முப்பது வருஷம் எல்லைப் பாலத்துல சுங்கம் பார்த்தவன் நான். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கோழிக்குஞ்சு ருமேனியாவுக்குப் போனதில்ல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “சீட்டு வேற தானா முன்னாடி நகர்ந்துக்குது. காலையில ஏறும்போது முட்டி பேந்துடுச்சு. அதையும் பாரு.”

“நான் டயர் கடை அண்ணே. அதுக்கு வேற ஆளைப் பிடிங்க.”

“எதுக்கு? டயர் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தள்ளி விட்டுடுறேன். இதுக்கு இனிமே தீனி போட என்னால ஆகாது.”

ஓரமாக நின்ற அவர் மனைவி ராட்காவின் முகம் வெளுத்தது.

“இருக்கட்டுமே மெத்தோதி. ஆத்திர அவசரத்துக்கு உதவும்.”

“உனக்கென்னடி தெரியும்?” அவர் பென்சோவிடம் திரும்பினார். “காருன்னாலே இவளுக்கு நடுக்கம்ப்பா. நான் ஓட்டினா கண்ணை இறுக்க மூடிக்கிட்டு சாமி கும்பிடுவா. ஸ்டியரிங் வட்டமா சதுரமான்னு கேட்டா முழிப்பா.”

பென்சோவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. மகள் கல்யாணத்துக்குப் போய்வந்த காராக இருக்கும், அதுதான் விட மனசில்லை என்று நினைத்துக்கொண்டான்.

“நான் சொல்றது பொய்யா மெய்யான்னு நம்பரு சொல்லட்டும். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். இரண்டாயிரத்துப் பதினொண்ணுன்னு இப்ப வாசிச்சுக் காட்டுறேன்.”

அரசாங்க நாற்காலியில் இருந்து எழுந்த இடுப்பு சுலபத்தில் வளைவதில்லை. மெத்தோதி இந்த டயர்களைக் குனிந்து பார்த்ததே கிடையாது. பென்சோ குனிந்தான்.

குனிந்தவன் விரலால் தடவினான். அடுத்த டயருக்குப் போனான். நாலையும் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, ஒரு வெடிப்புகூட இல்ல. ஆனா நாலும் மொட்டை. இது பதினொண்ணு இல்ல, இருபத்தி மூணு. ரெண்டு வருஷத்து டயரு. அறுபதாயிரம் கிலோமீட்டராவது ஓடியிருக்கும். மீட்டர் என்ன காட்டுது?”

“அது செத்து ஆறு வருஷமாச்சு!” மெத்தோதியின் கழுத்து நரம்பு புடைத்தது. “எவனோ கொட்டகையில புகுந்து என் டயரைக் கழட்டிட்டுத் தேஞ்சதை மாட்டியிருக்கான். திருட்டுப் பசங்க! இரு, போலீஸைக் கூப்பிடுறேன். ஒருத்தனையும் விடமாட்டேன்.”

ராட்கா அவர் கையில் இருந்த போனைப் பிடுங்கி அணைத்தாள். பென்சோவைப் பார்த்தாள்.

“நாலும் புதுசாப் போடு தம்பி, சீக்கிரம். நாலு மணிக்கு எனக்குப் பாலம் தாண்டி புக்காரெஸ்ட் சவாரி இருக்கு.”