விரியாத இடது கண்

தாம்பரத்துக் கண் மருத்துவமனை பெஞ்சில் காந்தா முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் பாப்பாவை விரிக்கும் ஒரே வகைச் சொட்டு மருந்தைத்தான் விட்டிருக்கிறார்கள். வலது கண் கூசுகிறது, டியூப் லைட் முள்ளாய்க் குத்துகிறது. இமை பாதி சரிந்த இடது கண்ணோ எதுவும் நடக்காதது போல் இருக்கிறது. அந்த இமையை வைத்துத்தான், மீன் விற்கிற தெருவிலெல்லாம் கண்ணடிக்கிறாள் என்று ஆனந்தன் மூன்று மாதமாக அவளை அடிக்கிறான். இப்போது சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பொறுப்பான புருஷனாகப் பக்கத்தில் நிற்கிறான். மருத்துவர் வந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

"வலது கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சிருக்கு, இடது விரியவே இல்ல. கோளாறு கண்ணுல இல்லம்மா. நெஞ்சுலேர்ந்து கழுத்து வழியா கண்ணுக்குப் போற நரம்புல இருக்கு. கழுத்துல அடி ஏதாவது பட்டுச்சா?"

"மீன் கூடைய தூக்கினு அலையறா சார். அந்த பாரம்தான்" என்று ஆனந்தன் முந்திக்கொள்கிறான். மருத்துவர் அதைச் சீட்டில் எழுதுகிறார்.

காந்தா கழுத்திலிருந்து முந்தானையை விலக்குகிறாள். "கூடைய தலையிலதான் சார் வெச்சிப்பேன். கழுத்தப் புட்ச்சி நெரிச்சது இந்தாளு. மறுநாளே ரெப்ப சரிஞ்சிடுச்சி."

பேனா நிற்கிறது. மருத்துவர் சீட்டைப் பார்க்கிறார். எழுதியதை அடிக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்க வேணாம்மா" என்று சீட்டை ஆனந்தனிடம் நீட்டுகிறார்.